தீவுகளுக்கு ஒருநாட் பயணம்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில், சுற்றுப்பிரயாணக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இவ்வாண்டுச் சுற்றுப்பிரயாணத்தைத் தீவுப்பகுதிக்கு வைத்துக்கொள்வதென்று சென்ற கூட்டத்திலே தீர்மானித்தோம். தீர்மானம் நிறைவேறிய அன்றிரவே இளைஞர் சிலர் ஒரு திட்டமும் தயாரித்துவிட்டனர். காலையில் நயினாதீவு, முற்பகலில் நெடுந்தீவு, பிற்பகலில் அனலைதீவும் எழுவைதீவும், பொழுதுபடும் வேளையிற் காரைநகர்க் கடற்கரையிலே குளிப்பு. முழுத்தாளில் அழகான எழுத்தில் எழுதப்பட்ட திட்டம் அது. அதில் இல்லாதது ஒன்றே. படகு எப்பொழுது திரும்பும் என்பது அதில் ஓரிடத்திலும் இல்லை.

அவர்களுடைய ஆர்வத்தைக் குறை கூற நாம் இங்கு வரவில்லை. ஆர்வம் இல்லாவிடின் சங்கமே இல்லை. எனினும், தரையிற் செய்யும் பிரயாணத்துக்குத் திட்டம் போடுவது போலக் கடற்பிரயாணத்துக்குத் திட்டம் போட முடியாது. தரையிலே ஒரு பஸ் தவறினால் அடுத்த பஸ்ஸில் ஏறலாம். நெடுந்தீவிலே பிற்பகற் படகு தவறினால் அடுத்த படகு மறுநாட் காலையிலேதான். ஆகையால் தீவுப் பயணத்தைக் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கணக்கிட வேண்டும். திரும்பும் படகு எப்பொழுது என்று முதலிற் கேட்டறிந்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால், பார்ப்பதற்கு எத்தனை மணித்தியாலம் மிஞ்சும் என்பது தெரியும். எங்கே போகலாம் என்பது அதற்குப் பின்னரே வரும் கேள்வி.

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைதீவு ஆகிய ஏழையும் சப்த தீவுகள் என்பது எம்மவர் வழக்கு. மண்டைதீவையும் சேர்த்து எண்ணுவோரும் உளர். ஒல்லாந்தர் வந்தபோது இவற்றுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரை இட்டனர். நயினாதீவு ஹார்லம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் மாத்திரம் ஆங்கிலப் படங்களில் இன்றும் நிலைத்திருக்கிறது. மற்றவை போய்விட்டன, போனதில் எமக்கு வருத்தமில்லை.

இவற்றுட் படகில்லாமற் போகக்கூடியவை எவை? பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுக்கும் வேலணைக்கும் போகலாம். வேலணையிலிருந்து வாணர் தாம்போதியால் புங்குடுதீவு போகலாம். பொன்னாலைத் தாம்போதியாற் காரைநகர் போகலாம். எஞ்சிய நான்குக்குமே படகு வேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவானிலே ஏற வேண்டும். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலே ஏறுவது வழக்கம். இரண்டு துறைகளும் இரண்டு திசையில் இருக்கின்றன. இளைஞர்களின் திட்டம் உடைவது முதலில் இந்த இடத்திலேதான்.

இனி நெடுந்தீவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். அங்கிருந்து நெடுந்தீவு மாவிலித்துறைக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்; காற்று எதிர்த்தால் இன்னும் கூடும். காலை ஆறு மணிக்கு நாம் யாழ்ப்பாணத்தை விட்டாலும், தீவிலே கால் வைக்கும்போது ஒன்பது மணியாகிவிடும். பிற்பகலிலே திரும்பும் படகுக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே துறையில் நிற்க வேண்டும். ஆகவே எமக்குக் கிடைப்பது நாலு அல்லது ஐந்து மணித்தியாலம். தீவோ ஏறத்தாழ ஐம்பது சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு எட்டுக் கிலோமீற்றர் வரை நீளும். நடந்து பார்த்து முடியாது. துறையிலே நிற்கும் வாகனங்களை வாடகைக்கு அமர்த்தத்தான் வேண்டும். வாடகையை ஏறுமுன் பேசிக்கொள்வது இரு திறத்தாருக்கும் நல்லது.

அந்த ஐந்து மணித்தியாலத்தில் எதைப் பார்ப்பது? கடற்கற்களால் எழுந்த ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பெருக்கமரம், குதிரைகள், வெடியரசன் கோட்டை என்று சொல்லப்படும் மேடு, தெற்கு முனையிலுள்ள பழைய கட்டுக்கோபுரம் என்று பெயர்கள் வரிசையாக வரும். எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் ஒன்றையும் பார்த்ததாகாது. எமது எண்ணத்தில், முதலிற் காண வேண்டியது எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்று. அவை ஒழுங்கைகளின் இருபுறமும் சாந்தில்லாமல் அடுக்கப்பட்ட கல்வேலிகள். கடற்கல்லைக் கல்லோடு கல் பொருத்தி, ஆளுயரத்துக்குக் கிட்ட அடுக்கியிருப்பார்கள். காற்று அதனூடே புகுந்து போகும், வேலி விழாது. யாழ்ப்பாணத்திலே கிடுகுவேலியையும் மதிலையும் கண்டு வளர்ந்த எமது பிள்ளைகளுக்கு, கல்லை வைத்து இப்படியும் ஊர் கட்டலாம் என்பது அங்கேதான் விளங்கும்.

பெருக்கமரம் ஆபிரிக்க நாட்டு மரம். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பர். அடிமரத்தில் உள்ள பொந்துக்குள்ளே ஆட்கள் புகுந்து நிற்கலாம். புகுந்து நிற்கட்டும், பெயரை வெட்டி எழுத வேண்டாம். குதிரைகள் போர்த்துக்கேயர் காலத்திலே கொண்டுவரப்பட்டு, ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அங்கே வளர்க்கப்பட்டவற்றின் சந்ததி எனப்படுகிறது. இப்பொழுது அவற்றுக்குக் கட்டுத்தறி இல்லை, வெளிகளிலே மேய்கின்றன. கடுங்கோடையிலே தண்ணீரில்லாமல் அவை படும் பாடு பெரிது. அவற்றைத் துரத்திப் படம் எடுப்பதை எமது குழு அனுமதியாது.

குதிரைகளுக்கு மாத்திரமன்றி மனிதருக்கும் அங்கே நல்ல தண்ணீர் அருமையான பொருள். ஆளுக்கு மூன்று போத்தல் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு வரவேண்டும். வெறும் போத்தலை வீட்டுக்கே திருப்பிக் கொண்டு போகவும் வேண்டும். கடல் சூழ்ந்த இடத்திலே நாம் போட்டுவிட்டு வரும் குப்பைக்குப் போக்கிடம் இல்லை.

இனி, இக்கூட்டத்திலே நாம் வற்புறுத்திச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். அந்தப் படகு யாருடையது?

சுற்றுலாப் போகும் எமக்கு அது ஒரு நாள் வேடிக்கை. நெடுந்தீவாருக்கு அதுவே தெரு. யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்குப் போகும் நோயாளர், பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியர், கந்தோர் உத்தியோகத்தர், அரிசி மூட்டை ஏற்றும் கடைக்காரர், பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போகும் பெண் ஆகிய எல்லாருக்கும் ஒரே படகு. சனிக்கிழமை காலையில் அறுபது பேர் மேளதாளத்தோடு துறைக்கு வந்து, வரிசையில் முன்னே நின்று ஏறிவிட்டால், என்ன நடக்கும்? சட்டப்படி நாம் செய்தது பிழையன்று. சீட்டு வாங்கினோம், ஏறினோம். ஆயினும் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வந்து, வீடு போகக் காத்திருக்கும் ஒரு கிழவி துறையிலே நின்றுவிடுவாள். அவளுக்கு அன்று இரவு தங்க இடம் யார் கொடுப்பது?

வேறு இயக்கங்கள் இதைச் சிந்திப்பதில்லையெனின் அது அவர்கள் பாடு. சைவத்தின் பெயராற் கூடிய நாம் சிந்தியாமல் இருக்க முடியாது. ஆகையால் நெடுந்தீவுக்குப் போகும் கூட்டம் இருபத்தைந்து பேருக்கு மேற்படக்கூடாது என்பது எமது குழுவின் முடிவு. மற்றவர்கள் இன்னொரு நாட் போகலாம். போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகத் துறையிலும் பிரதேச செயலகத்திலும் அறிவிக்க வேண்டும். ஊரவர் ஏறிய பின்னரே நாம் ஏற வேண்டும். இடம் போதாவிட்டால் எமது ஆட்களே பின்தங்க வேண்டும். பின்தங்குவோர் யாவர் என்பதையும் முதல்நாளே தீர்மானித்துக்கொள்ளலாம். அவர்கள் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போய் அம்பாளைத் தரிசித்து வந்தால் அன்றைய நாள் அவர்களுக்கும் வீணாகாது.

அந்தக் கடல்வழிக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கி வந்த குமுதினிப் படகிலே, பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். எமது இளைஞரிற் பலர் அதற்குப் பின்னர் பிறந்தவர்கள். மாவிலித்துறையிலே இறங்கும்போது அங்குள்ள நினைவுத்தூபியின் முன் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். படகிலே பாட்டும் கைதட்டும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. எந்த வழியாற் போகிறோம் என்பதை அறிந்து பாடட்டும் என்கிறோம்.

நயினாதீவின் கணக்கு வேறு. குறிகட்டுவானிலிருந்து இருபது நிமிஷத்துக்குள் அக்கரை சேரலாம். வள்ளங்களும் அடிக்கடி ஓடும். வயோதிபரும் குழந்தைகளும் இலகுவாகப் போய்வரக்கூடிய தீவு அதுவே. நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு முன்னால் ஒரு துறையும், நாகவிகாரைக்கு அண்மையில் ஒரு துறையும் இருக்கின்றன. எந்தத் துறையிற் கூடுவது என்பதைக் குறிகட்டுவானிலேயே பேசிக்கொள்ளாவிட்டால், பாதிப்பேர் ஒரு துறையிலும் பாதிப்பேர் மறு துறையிலும் நின்று ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருப்பார்கள்.

புளியந்தீவிலிருந்து அம்பாளுக்குப் பூக்கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் வழிமறித்த கதையையும், வணிகர் ஒருவர் இடைநின்று நாகத்தைக் காத்த கதையையும் எமது பிள்ளைகள் அறிவர். கடலிலே தெரியும் பாறைகளைக் காட்டிப் பெரியோர்கள் அக்கதையை மீண்டும் சொல்ல வேண்டும். படகில் இருபது நிமிஷம் அதற்குப் போதும். நயினாதீவே மணிமேகலைக் காவியத்து மணிபல்லவம் என்று கொள்வோர் பலர். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற இடம் மணிபல்லவம் ஆகையால், அங்கே அடியாருக்கு அன்னமிடும் மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயரிட்டிருப்பது மிகப் பொருத்தம். மதிய உணவை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டமாகப் போவோர் எண்ணிக்கையை முன்னரே அறிவிப்பதும், தம்மால் இயன்ற அரிசி மரக்கறியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் முறை. உண்டபின் இலை எடுக்கவும் எமது இளைஞர்கள் நிற்க வேண்டும்.

அங்கே காண வேண்டிய இன்னொரு பொருளும் இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, பன்னிரண்டாம் நூற்றாண்டிலே தமிழிற் பொறிப்பித்த கல்வெட்டொன்று அம்மன் கோயிலிலே உண்டு. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்கும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பளிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் கெட்டால் நாலிலொரு பங்கு அரசனுக்கு, எஞ்சியது உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிவரும் கலம் கெட்டால் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு என்று அது விதிக்கிறது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழிலே எழுதுவித்தான் என்பதையே எல்லாரும் எடுத்துப் பேசுவர். நாம் எடுத்துக்கொள்வது வேறொன்று. இக்கடலிலே மரக்கலம் கெடுவதென்பது, அரசன் சட்டம் இயற்ற வேண்டிய அளவுக்கு, அக்காலத்திலும் நடந்துகொண்டிருந்தது.

எப்பொழுது போவது? காற்றைக் கேட்டுத்தான் போக வேண்டும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை சோளகம் பலமாக வீசும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடையும் மழையும். தாழமுக்கம் என்று வானொலி சொன்னால் படகுச் சேவையே நின்றுவிடும். மாசியும் பங்குனியும் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்கள். வெயிலும் அவ்வளவு கொடிதன்று. நயினை அம்பாளின் மகோற்சவம் ஆனி மாதத்தில், பூரணையை ஒட்டி வருவது. அது சோளகக் காலம். திருவிழாவுக்குப் போவது வேறு, சுற்றுப்பிரயாணம் போவது வேறு. தேருக்குப் போக விரும்புவோர் முதல்நாளே போய்த் தங்கிவிடுவது நலம். அன்றியும், போயா தினங்களிலும் பாடசாலை விடுமுறைகளிலும் நாகவிகாரைக்குத் தெற்கிலிருந்து வரும் யாத்திரிகரின் கூட்டம் மிகுதியாக இருக்கும். அவர்களும் எம்மைப்போல் வழிபாட்டுக்கு வருபவர்களே. நாம் நாளை மாற்றிக்கொள்ளலாம். பூரணையை அவர்கள் மாற்ற முடியாது.

அனலைதீவையும் எழுவைதீவையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அனலைதீவிலே ஐயனார் கோயிலும், எழுவைதீவிலே முருகன் கோயிலும் உண்டு. இரண்டும் அமைதியான சிறு தீவுகள். படகு குறைவு. அங்கே உறவினர் உள்ளவர்கள் ஐந்தாறு பேராகப் போவதே தகும்.

கடலும் வேண்டும், ஆபத்தும் குறைய வேண்டும் என்போருக்கு நாம் ஒரு வழி சொல்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை வழியாக வேலணை, சாட்டிக் கடற்கரையிலே சிறிது நேரம், அங்கிருந்து ஊர்காவற்றுறை. ஊர்காவற்றுறையிலே பாதையில் ஏறிக் காரைநகருக்குக் கடக்கலாம். பாதை என்றால் இளைஞரிற் சிலர் தெருவென்று எண்ணுகின்றனர். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்கே அவ்விடத்திற் பாதை என்று பெயர். கடக்கும்போது நீரின் நடுவே கடற்கோட்டை தெரியும். காரைநகரிலே ஈழத்துச் சிதம்பரத்தைத் தரிசித்து, கசூரினா கடற்கரைக்குப் போய், பொன்னாலைத் தாம்போதியால் வரும்போது வரதராஜப் பெருமாளையும் வணங்கிக்கொண்டு, பொழுதுபட வீடு வந்துவிடலாம். ஒரு வட்டமாக அமைந்த வழி. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. பாதை பழுதுபட்டு நிற்கும் நாட்களும் உண்டு. ஆகையால் முதல்நாள் விசாரித்துக்கொள்ள வேண்டும். தீவுப்பகுதியினூடே பஸ்ஸிற் போகும்போது கூரையில்லாத வீடுகள் பலவற்றைக் காண்பீர்கள். 1990களில் இடம்பெயர்ந்து போனவர்களின் வீடுகள் அவை. அவற்றுக்குள்ளே புகுந்து தேங்காய் பிடுங்கவும் படம் எடுக்கவும் வேண்டாம். உடையவர்கள் எங்கோ இருக்கிறார்கள்.

பெற்றோர் பலர் எம்மிடம் கேட்டது பாதுகாப்பைப் பற்றியே. பரவைக்கடல்தானே, ஆழமில்லையே என்று சிலர் அலட்சியமாகச் சொல்வர். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி, கிண்ணியாவிலே குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்ததை மறந்துவிடக் கூடாது. அது பெருங்கடலன்று, களப்பு. பாலம் கட்டி முடியும்வரை ஊரவர் கடப்பதற்காக விடப்பட்டிருந்த பாதை. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். ஆழமில்லாத நீரும் ஆளைக் கொல்லும். மிதமிஞ்சி ஏற்றிய படகு, ஒரு பக்கத்திலே எல்லாரும் எழுந்து சாய்ந்து பார்த்தாலே போதும்.

ஆகவே, படகிலே உயிர்காப்பு அங்கி தரப்பட்டால் வெட்கப்படாமல் அணிய வேண்டும். தரப்படாவிட்டாற் கேட்க வேண்டும், இல்லையென்றால் ஏறக்கூடாது. மீன்பிடி வள்ளமொன்றை வாடகைக்குப் பேசி நாலு தீவையும் சுற்றி வரலாம் என்று கூறும் நண்பர்களுக்கு எமது பதில், இசையோம் என்பதே. அந்த வள்ளம் மீனுக்கும் வலைக்கும் கட்டியது. நாற்பது பேர் எழுந்து நின்று படம் எடுப்பதற்குக் கட்டியதன்று. படகோட்டி இன்று கடல் சரியில்லை என்று சொன்னால், அந்தச் சொல்லே முடிவு. பணத்தைக் கூட்டிக் கொடுத்து அவர் மனத்தை மாற்ற முயல வேண்டாம். அப்படி மாறும் படகோட்டியின் படகிலே ஏறவும் வேண்டாம்.

குழுவின் முடிவுகள் இவை. மாசி மாதத்திலே, போயாவும் நீண்ட விடுமுறையும் இல்லாத ஒரு சனிக்கிழமையில், முழுச் சங்கமும் குடும்பங்களோடு நயினாதீவுக்குப் போவது. திரும்பும் வழியிலே புங்குடுதீவுக் கண்ணகை அம்மனைத் தரிசிப்பது. பங்குனியிலே இருபத்தைந்து பேர் நெடுந்தீவுக்குப் போவது. இடம் கிடையாதவர்களுக்கு அடுத்த ஆண்டில் முதலிடம். காரைநகர் வட்டம் வயோதிபருக்கும் சிறுவருக்குமாகத் தனியே ஒழுங்கு செய்யப்படும். ஏழு தீவும் பார்க்க ஏழு ஆண்டு செல்லும் என்று ஓர் இளைஞர் சலித்துக்கொண்டார். செல்லட்டும், தீவுகள் எங்கும் ஓடிவிடமாட்டா.

பெயர் கொடுப்போர் இன்றே காரியதரிசியிடம் கொடுக்கலாம். பெயருக்கு எதிரே வயதையும், நீந்தத் தெரியுமா தெரியாதா என்பதையும் எழுதுங்கள். தெரியாதவர்கள் தெரியும் என்று எழுத வேண்டாம். அவர்களைப் படகிலே நடுவில் இருத்தி, நீந்தத் தெரிந்தவர் ஒருவரை ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருத்துவதற்காகவே அதைக் கேட்கிறோம்.